இரண்டு தாள்களும் ஒன்றாக இருந்த வருடம்

டாக்டர் மேடம் எங்கள் இருவரின் தாள்களையும் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கண் முன்னால் நிற்கிறது. கட்முக்தேஷ்வரில், கங்கைப் படித்துறைக்கு மேலே இருந்த கடை. மேடம் கங்கை டால்பின்களை ஆராய்பவர். எங்களைப் போல டெல்லியிலிருந்து வருகிறவர்களைப் படகில் உட்காரவைத்து அவற்றைக் கணக்கெடுப்பவர். ஒரு தாள் என் கணவருடையது, மற்றது என்னுடையது. எட்டு பதினேழுக்கு ஒன்று, எட்டு நாற்பதுக்கு இரண்டு என்று மேடத்தின் விரல் இரண்டிலும் ஒரே வேகத்தில் இறங்கியது. ஒரு வரிகூட மாறவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்படியொரு கண்ணா என்று இப்போது கேட்கப்போகிறார், அடக்கமாக என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் திரும்பினால் இவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

இவருக்கு டால்பின் பைத்தியம் பிடித்தது தொண்ணூறுகளின் நடுவில், என் மாமனாரின் அஸ்தியைக் கரைக்கப் போன அன்று. இவர் திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீஸர். ஓரிடத்தில் உட்கார்ந்தால் முள் குத்தும். கரோல் பாக் வீட்டில் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார். அந்த மனிதர் நடு ஆற்றில் கலசத்தைக் கவிழ்த்த நேரம், கைக்கெட்டும் தூரத்தில் ஏதோ ஒன்று மேலே வந்து, பெருமூச்சு விட்டு, உள்ளே போயிருக்கிறது. படகோட்டி ‘சூன்ஸ்’ என்றானாம். அது விடும் மூச்சின் சத்தம்தான் அந்தப் பக்கம் அதற்குப் பெயர். அஸ்தி கரைத்தவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர் அடுத்த ஞாயிறும் ஆனந்த் விஹாரில் பஸ் ஏறினார், அதற்கடுத்த ஞாயிறும் ஏறினார்.

இரண்டு குளிர்காலம் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாவது வருடம் மகளைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். டால்பின் மேல் எனக்கென்ன ஆசை? வாரம் முழுக்க வீட்டில் கால் தரிக்காத மனிதர் அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது. படகின் முன்பக்கம் இவர் பிடித்துவைத்ததுபோல உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

கணக்கெடுப்புக்கு ஒரு விதி உண்டு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வாய் திறக்கக் கூடாது, கை காட்டக் கூடாது. அவரவர் பார்த்ததை அவரவர் தாளில் நேரத்தோடு எழுத வேண்டும். கரையேறிய பிறகுதான் பேச்சு. எனக்கோ தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தால் மனம் நிற்காது. கேஸை மூடினேனா, மகள் சாப்பிட்டாளா, திங்கட்கிழமை யார் லீவு என்று ஓடும். அது மேலே வருவதோ ஒரே நொடி. நான் திரும்புவதற்குள் தண்ணீரில் வட்டம்தான் மிச்சமிருக்கும். ஆனால் இவர் முதுகு எனக்குத் தெரியும். டால்பின் வந்தால் தோள் ஒரு விரற்கடை உயரும். இரண்டு வந்தால் கழுத்தும் சேர்ந்து திரும்பும். நான் எழுதிவிடுவேன். ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. என் உத்தியோகமே ஒரு அரசு அலுவலகத்தில் டைப் செய்த நகலை மூலத்தோடு ஒப்பிடுவதுதான். ஓர் எழுத்து பிசகாமல் இருந்தால்தான் என் கையெழுத்து விழும்.

“பாபி ஜி, இந்த ஆறு ஞாயிறும் நீங்க தண்ணியத்தான் பாத்தீங்களா?” என்று மேடம் என்னை அண்ணி முறை வைத்து ஹிந்தியில் கேட்டார். குரலில் கோபமில்லை. ஆற்றில் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற கண் யாருக்கும் கிடையாது என்றார். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். இருவரும் பார்த்தது எத்தனை, ஒருவர் மட்டும் பார்த்தது எத்தனை என்பதை வைத்துத்தான் யாருமே பார்க்காதது எத்தனை என்று கணிக்க முடியும். தாள்கள் அச்சாக ஒன்றுபோல இருந்தால் அங்கே இருந்தது ஒரு ஜோடிக் கண்தான். எங்கள் பகுதியின் கணக்கைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். இந்தக் கணக்குகளைச் சேர்த்து மேடம் கொடுக்கும் அறிக்கையை வைத்துத்தான் பாதுகாக்க வேண்டிய இடங்களின் பட்டியல் தயாராக வேண்டியிருந்தது. எதிர்க்கரையில் மணல் அள்ளும் இயந்திரங்கள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தன.

பஸ் ஹாபுர் தாண்டியதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவு நாளும் என் முதுகையா பாத்துக்கிட்டு இருந்த?”

“நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதானேங்க.”

“நான் பாத்தத எழுத நான் இருக்கேன்லா? நீ என்னத்த பாத்த?”

அழுகை வந்தது, இவர் மேல் கோபமும் வந்தது. அறிக்கை எங்கள் பகுதி இல்லாமலே போனது. அந்தக் கோடை முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸில் நகலும் மூலமும் கையில் இருக்கும். கண் முன்னால் அந்த இயந்திரங்கள் நிற்கும். மேடம் சொல்லியனுப்பிய சேதிகளில் அவை இந்தக் கரைக்கும் வந்திருந்தன.

அடுத்த குளிர்காலம் எங்களை மறுபடி சேர்த்துக்கொள்ள மேடம் தயங்கினார். “நான் பின்னால பாத்து உக்காருதேன், இவருக்கு முதுகக் காட்டிக்கிட்டு” என்று நானேதான் சொன்னேன். முதல் இரண்டு ஞாயிறும் என் தாள் வெள்ளையாகவே இருந்தது. மூன்றாவது ஞாயிறு, பழுப்பு நிறத்தில் ஒரு முதுகு, அதற்கு முன்னால் இடுக்கி போல நீண்ட மூக்கு, பிறகு அந்த மூச்சு. அவசரத்தில் நேரத்தை அடித்து எழுதினேன். கத்த வேண்டும்போல இருந்தது. இரண்டு முழம் தள்ளி இவர் இருக்கிறார், சொல்ல முடியாது. கரை வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று இவருக்கு ஏழு, எனக்கு மூன்று. என் மூன்றில் இரண்டு இவர் தாளிலும் இருந்தன. ஒன்று இல்லை. மேடம் அந்த வரியின் கீழே கோடு போட்டு “பஹுத் அச்சா” என்றார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகாத ஒரு விஷயத்துக்கு இவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பின்னாளில் எங்கள் பகுதியும் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் ஒரு கரை பாதி போயிருந்தது. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

இப்போது டெல்லியிலேயே துவாரகாவில் இருக்கிறோம். முழங்கால் வலியால் இவருக்குப் படகில் ஏற முடிவதில்லை. நான் மட்டும் போய்வருகிறேன். திரும்பியதும் செருப்பைக் கழற்ற விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்பார், சொல்வேன். கடைசியில் அந்தப் பழைய ஞாயிற்றுக்கு வந்துவிடுவார். “நான் பாக்காத அந்த ஒண்ணு எப்படி இருந்துது, இப்பமாவது சொல்லேன்.” இவர் பார்த்தது எவ்வளவோ. அந்த ஒன்றை மட்டும் இன்றுவரை நான் சொல்லவில்லை.