பதினொன்றாவது ரீல்

கேப்பைக் கூழில் மோரை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. வந்த வேகத்தில் எழுந்தேன், கூழ்ச் சட்டி கவிழ்ந்தது. அம்மா முதலில் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அப்புறம்தான் என்னடா என்று கேட்டாள்.

“அப்பா முன்னாடியே போயி படத்தப் பாத்துட்டு வந்துட்டா?” என்றேன்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நாலு. விழுப்புரத்தில் ரயிலடிக்கு அந்தப் பக்கம் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். அதில் நாங்கள் கடைசியாகப் பார்த்த படத்தில் ஒரு வேடன் ஒரு கிளியைப் பிடித்துக்கொண்டு போனான். அவ்வளவுதான். தங்கை அங்கே ஆரம்பித்த அழுகையை வீடுவரை கொண்டுவந்து, மூன்று நாள் ஜுரத்தில் படுத்துவிட்டாள். கஷாயம் வந்தது, மந்திரிக்க ஆள் வந்தது. கடைசியில் அம்மாவின் உத்தரவு வந்தது.

“இனிமே இந்த ஊட்டுல சினிமான்னு எவனாவது வாயத் தொறந்தீங்க, சோறு கெடையாது.”

எவனாவது என்றது என்னையும் அப்பாவையும்தான்.

அந்த நேரம் பார்த்தா மான்குட்டிப் படம் வரவேண்டும்? தமுக்கடித்துக்கொண்டு போன வண்டியிலிருந்து நோட்டீஸ் பறந்தது. அதில் ஒரு பையனும் மான்குட்டியும் ராஜாவின் தோட்டத்தில் மாம்பழம் திருடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்து, வகுப்பில் ஆப்பிரிக்காவுக்குப் பதிலாக அதையே படித்தேன். பார்க்காவிட்டால் உயிர் தரிக்காது என்று உண்மையாகவே நம்பினேன்.

அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில் வேலை; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வாரம் ஒருமுறை திண்டிவனம் போய்வருவார். படம் அப்போது அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் ஊருக்கு வருகிறது.

“பாத்துட்டு வந்து?” என்றாள் அம்மா.

“அழுவுற எடம் எத்தினியாவது ரீலுன்னு சொல்லிடுவாரு. அது வரும்போது பாப்பாவ வெளிய தூக்கிக்கினு போயி சோடா வாங்கிக் குடுத்துக்கினு நிக்கலாம்.”

எங்கள் கொட்டகையில் மெஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள். அடுத்த ரீலை மாட்டி முடிப்பதற்குள் ஜனங்கள் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள், பழைய சண்டை பாக்கி இருந்தால் அதையும் முடித்துக்கொள்வார்கள். ஆகையால் ரீலை எண்ணுவது சுலபம். அம்மாவுக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. “உங்கப்பாவுக்கு நல்லாத்தான் வேல வெக்கற” என்றாள். அதுதான் சம்மதம்.

அப்பா திண்டிவனத்திலிருந்து திரும்பிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “பன்னண்டு ரீலு. பதினொண்ணுல மான்குட்டி மேல அம்பு பட்டுடுது. செத்துடுது.” சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்துவிட்டார். திண்டிவனத்து ஓட்டல் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு நாலு பேரும் போனோம். அப்பா எங்களை வாசலில் நிற்கவைத்துவிட்டு மெஷின் ரூம் பக்கம் போய்வந்தார். போகும்போது கையில் இருந்த துணிப்பை வரும்போது இல்லை. என் சட்டைப்பையில் வறுத்த மல்லாட்டை இருந்தது. என் கவனமெல்லாம் அதில். ஒரு ரீல் முடிந்தால் ஒன்றை டவுசர் பைக்கு மாற்றுவது என்று ஏற்பாடு. கணக்கில் வகுப்பிலேயே முதல் நான்.

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். அம்மா அந்தப் பக்கம். சோடாவுக்குத் தூக்கிப் போக வசதியாகத் தங்கை அப்பாவின் மடியில். நான் மணலைக் குவித்து அதன்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்தேன்.

ஒன்பது மல்லாட்டை இடம் மாறியது. பத்தாவது ரீல் ஆரம்பித்தது. இன்னும் ஒரு ரீல் கவலையில்லை என்று நான் காலை நீட்டியபோது, திரையில் ராஜாவின் ஆள் வில்லை வளைத்தான். அம்பு மான்குட்டியின் விலாவில் தைத்தது.

டவுசர் பைக்குள் கையை விட்டு எண்ணினேன். ஒன்பதுதான். அப்படியானால் தங்கை ஒன்றை எடுத்துத் தின்றிருக்கவேண்டும். “அப்பா, சோடா, சோடா” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“உக்காருடா” என்றார்.

மான்குட்டி கண்ணை மூடியது. பையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாடிப் பாடி அழுதான். விளக்கைப் போட்டதும் தங்கை வாயைத் திறந்தாள். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. சுவருக்கு அப்பாலிருந்து அம்மாவின் தலை எழும்பிற்று.

“என்னாங்க, கல்லு மாரி குந்திக்கினு கீறீங்க? புள்ளய வெளிய தூக்கிக்கினு போங்க.”

“இரு, இரு” என்றார் அப்பா.

இனி ஜென்மத்துக்கும் சினிமா இல்லை என்று நான் முடிவுகட்டிய அந்தச் சமயத்தில் விளக்கு அணைந்தது. திரையில் மான்குட்டி துள்ளிக்கொண்டு ஓடிவந்தது. அம்பும் இல்லை, காயமும் இல்லை. மாம்பழத்தைக் கவ்விக்கொண்டு பின்னங்காலில் நின்றது. பையன் சிரித்துக்கொண்டே பாடினான்.

பின்னாலிருந்து ஒருவர், “யோவ் ஆபரேட்டரு, செத்த மானு மாம்பழம் துன்னுதுய்யா” என்றார். “துன்னுட்டுப் போவட்டும், உனுக்கின்னா பேஜாரு?” என்று ஒரு பாட்டாளி பதில் கொடுத்தான். விசில் பறந்தது. தங்கை மூக்கை அப்பாவின் துண்டில் துடைத்துவிட்டு, “சும்மானாச்சிக்கும் செத்துச்சி” என்று எனக்கு விளக்கம் சொன்னாள். பன்னிரண்டாவது ரீலில் மான்குட்டியே வரவில்லை. அது தூங்கப் போய்விட்டது என்று அவளே தீர்த்துவிட்டாள்.

எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அப்பா. அவர் கன்னம் நனைந்திருந்தது. பீடிப் புகை என்று நினைத்தேன். ஆபரேட்டர் குடித்துவிட்டு ரீலை மாற்றிப் போட்டுவிட்டார் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

பத்து வருஷமாக அதை நம்பியும் வந்தேன். இப்போது நான் திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாத்தியார். போன வாரத்திலிருந்து அந்தப் பழைய மான்குட்டிப் படம் இங்கே மறுபடியும் ஓடுகிறது; மெஷின் ஓட்டுகிறவர் அன்று விழுப்புரத்தில் இருந்த அதே ஆபரேட்டர். பேச்சுவாக்கில் அப்பா வேலைபார்க்கும் மண்டியைச் சொன்னேன்.

“அவரு புள்ளயா நீ? ஒரு படி மல்லாட்டை குடுத்து, பதினொண்ண மொதல்ல போடு, பத்த பின்னால போடுன்னு கையப் புடிச்சிக்கினாருய்யா. ஜனம் என்ன ஒதைக்காத கொறதான்.”

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். பாப்பாவுக்காக எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார் என்று உருகினேன். அம்மா முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“பாப்பாவுக்கோசரமா? திண்டிவனத்துலேர்ந்து வந்து ரெண்டு நாளு அந்த மனுசனுக்குச் சோறு எறங்கல. மானு மானுன்னு பொரண்டுக்கினு கெடந்தாரு. பாப்பா ஒரு சாக்குடா.”

வருகிற சனிக்கிழமை மூன்று பேரும் ரயிலேறி வருகிறார்கள். தங்கைக்கு வயது பதினாலு; அவள் எதற்கும் தயார். அப்பாதான், பதினொன்றாவது ரீலுக்கு வெளியே நின்று சோடா குடிப்பேன் என்ற கண்டிப்போடு வருகிறார். சோடாவுக்கு அவசியமிருக்காது. இரண்டு படி மல்லாட்டை வறுத்துப் பையில் கட்டியாயிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் மெஷின் ரூம் பக்கம் போகவேண்டும்.