ஜெபத்தில் போட்ட சண்டை

நேற்றுச் சாயங்காலம் ஜெபத்துக்குக் கூப்பிட்டபோது, தம்பி, நீ அறைக்குள்ளிருந்தே "நீங்க பண்ணுங்கப்பா, நான் இங்கயே பண்ணிக்கிடுதேன்" என்றாய். பிறகு தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பாப்பாவின் அறை ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சத்தம் என்னை நீங்கள் பிறக்காத காலத்துக்கு, தாழ்ப்பாளே சரியாக விழாத ஒரு கதவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ராஜபாளையத்தில் நான் நூல் மில்லில் சேர்ந்த புதிது. கல்யாணமும் புதிது. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அதில் ஒன்று எங்களுக்கு. ஜன்னல் கிடையாது. ஸ்டவ், கட்டில், தண்ணீர்க்குடம், உங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டி எல்லாம் அதற்குள்ளேதான். மண்ணெண்ணெய் வாசனை தலையணையில்கூட இருக்கும். இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்குச் சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்றத் தோன்றும்.

நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கத்து அறையில் ரெங்கம்மாக்கா மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அக்கா வீட்டில் தெலுங்கு பேசுவார். எங்களைத் திட்டுவது மட்டும் நல்ல தமிழில். இப்படிப்பட்ட இடத்தில் புருஷனும் பெண்சாதியும் எப்படிச் சண்டை போடுவது? நாங்கள் கண்டுபிடித்த வழிதான் குடும்ப ஜெபம். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. ஆமென் வரும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. சண்டைக்கு இதைவிட நல்ல சட்டம் எந்தக் கோர்ட்டிலும் இல்லை.

நான்தான் ஆரம்பிப்பேன். "ஆண்டவரே, இருக்கிறது போதும் என்கிற மனதை உமது மகளுக்குத் தாரும்." போதகர் மாதிரியே இழுத்துச் சொல்வேன்.

அம்மா தன் முறைக்குக் காத்திருப்பாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே. போதும்ங்கிறவரு காலையில மில்லுக்குப் போயிடுதாரு. வாரப்ப டீக்கடை, கூட்டாளின்னு நாலு எடம் பார்த்துட்டு வாராரு. இந்தச் செவுத்தையே பார்த்துக்கிட்டுக் கெடக்கது நான்."

மறுபக்கம் கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

ஒரு நாள் அம்மா மிக மெதுவாக ஜெபித்தாள். "ஆண்டவரே, விடிஞ்சதும் ஆலங்குளம் பஸ் ஏறுதேன். அம்மா வீட்டுக்குப் போயிட்டா பொறவு இங்க வர மாட்டேன். வழியில என்னையக் காத்துக்கிடும்."

அவள் போகப்போவது எனக்குத் தெரிந்ததே அப்படித்தான். ஆமென் வரவில்லை. ரெங்கம்மாக்காவின் முழங்கால் வலிக்குச் சுகம், மம்சாபுரத்துச் சித்தப்பாவின் வயலுக்கு மழை, நான் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று ஜெபம் போய்க்கொண்டே இருந்தது. குறுக்கே பேச முடியாமல், மூடிய கண்ணுக்குள் அடைபட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இருட்டைவிட அந்த அறையே பெரிதாகத் தோன்றியது.

என் முறை வந்தது. போதகர் தமிழ் வரவில்லை. "ஆண்டவரே, எனக்கும் இங்க மூச்சு முட்டுது. டீக்கடையில உக்காருதது அதுக்குத்தான். அவகிட்ட சொல்ல வெக்கம். அவளும் போயிட்டா இந்த ரூமுக்குள்ள நான் எப்படி வருவேன்?"

ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். அதனால் இருவருமே கண்ணைத் திறக்கவில்லை. சுவருக்கு மேலாக ரெங்கம்மாக்காவின் குரல்தான் வந்தது.

"ஏட்டி, அவனையும் பஸ்ல ஏத்திக் கூட்டிட்டுப் போ. ரெண்டு நாள் காத்து வாங்கிட்டு வாங்க. ரூமு எங்கயும் ஓடிராது."

அம்மா சிரித்துவிட்டாள்.

மில்லில் லீவு சொல்லிவிட்டு இருவருமாகப் போனோம், இருவருமாகத் திரும்பினோம். அறை அதே அளவில்தான் இருந்தது. மூச்சு முட்டத்தான் செய்தது. ஆனால் டீக்கடையை விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அவளோடு கண்மாய்க்கரைவரை நடக்க ஆரம்பித்தேன். போதும் என்ற மனதை அவளுக்காகக் கேட்பதையும் விட்டேன். அது அவரவர் தமக்குக் கேட்டுக்கொள்ள வேண்டியது, பிள்ளைகளே. அடுத்தவருக்காகக் கேட்டால், அவரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிற மாதிரி ஆகிவிடும்.

அந்த வரிசை வீட்டை இடித்துவிட்டார்கள். ரெங்கம்மாக்கா மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் நமக்கு ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஜன்னல். சுவர்கள் கூரைவரை எட்டுகின்றன.

நேற்று நானும் அம்மாவும் மட்டும்தான் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அவள் இப்போதெல்லாம் மனதுக்குள்தான் ஜெபிக்கிறாள். நான் சட்டத்தை மீறிக் கண்ணைத் திறந்து பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. எந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறாளோ, எனக்குக் கேட்கவில்லை.