ஜெனீவாவில் அர்பாபுக்கு ஒரு பெட்டி சுருட்டு

மச்சானின் லீவு பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே அர்பாப் ஒரு வார்த்தை சொன்னாராம். "யூரோப் போறியா, நல்லது. எனக்கு ஒரு நல்ல சிகார் கொண்டு வா."

இவ்வளவுதான் நடந்தது. எங்கள் பயணம் மொத்தத்தையும் இந்த ஒரு வார்த்தை சாப்பிட்டுவிட்டது.

மச்சான் என்பது என் வீட்டுக்காரர். எங்கள் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம். அர்பாப் என்பது அவருடைய முதலாளி, துபாய்க்காரர், பெரிய மனுஷர். அல் குசைஸில் எங்கள் ஃப்ளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவருக்குப் பைப்பும் வால்வும் விற்கிற கம்பெனி. மச்சான் அங்கே ஸ்டோர் இன்சார்ஜ்.

அந்த மாதம் கம்பெனியில் ஒரே பேச்சு. சவுதியில், ஜுபைலில் புதிதாகக் கிளை திறக்கிறார்கள், அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள இங்கிருந்து ஒருவரை அனுப்பப் போகிறார்கள் என்று. போகிறவருக்குக் கேம்பில் இடம், ஒரு ரூமில் நாலு பேர், குடும்பம் கூட்டிப்போக முடியாது. ஸ்டோர் வேலை தெரிந்தவர்கள் மச்சானையும் சேர்த்து மூன்று பேர்தான். அவர் பெயர் வந்தால் நான் ஊருக்குத் திரும்பி உம்மா வீட்டு மாடியில் உட்கார வேண்டியதுதான். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். புருஷன் போனுக்குள் இருப்பார். நான் அப்படி இருக்கக்கூடாது என்றுதான் கல்யாணத்துக்கு முன்பே கேட்டு, சரி என்று சொல்லவைத்து, இங்கே வந்தவள்.

ஆக, அர்பாப் சுருட்டு கேட்டது சும்மா கேட்டது இல்லை என்று மச்சான் முடிவு பண்ணிவிட்டார். நல்லதாகக் கொண்டுபோனால் துபாய், ஏனோதானோ என்று கொண்டுபோனால் ஜுபைல். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். பயம் ஒட்டுவாரொட்டி.

"துபாயிலேயே கிடைக்குமே மச்சான், மால்ல கண்ணாடிக் கடை போட்டு வச்சிருக்கான்" என்றேன். இங்கே வாங்கியது என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார் என்றார். சரி, பிடிக்கவும் தெரியாது, பார்த்ததும் கிடையாது, அப்படியானால் படித்துவிடலாம் என்று நான் இறங்கினேன். என் குணம் அது. எதையாவது ஒன்றைப் பிடித்தால் அதிலேயே விழுந்து கிடப்பேன். கிளம்புவதற்குள் சுருட்டைப் பற்றி இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். வெளி இலை, உள் இலை, விரலால் லேசாக அழுத்தினால் எப்படித் திரும்ப வரவேண்டும், காய்ந்தால் என்ன ஆகும், ஈரம் கூடினால் என்ன ஆகும், எல்லாம். ஒன்று மட்டும் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றது: பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைச் சுருட்டு உறிஞ்சிக்கொள்ளும்.

பாரிஸில் முதல் நாளே மச்சான் ஒரு கடையைக் கண்டுபிடித்துவிட்டார். காப்பி, லாட்டரிச் சீட்டு, சிகரெட் எல்லாம் விற்கிற கடை. அங்கே தகர டப்பாவில் பளபளவென்று ஒன்று இருந்தது. ஊருக்குப் போகும்போது எல்லாருக்கும் டின்னில் அடைத்த சாக்லெட்டும் பால்பவுடரும் வாங்கிப் பழகிய கண் அது. பெட்டி பெரிதாக, பளபளப்பாக இருந்தால் போதும், உள்ளே இருப்பது தானாக நல்லதாகிவிடும். எடுத்துக்கொண்டு கவுண்டருக்கே போய்விட்டார். கையைப் பிடித்து இழுத்தேன். இது மெஷினில் சுற்றியது, கையால் சுற்றியதுதான் வேண்டும் என்றேன்.

"உனக்கு எல்லாம் தெரியும்" என்றார். பாராட்டு இல்லை அது.

ஈஃபில் கோபுரத்துக்கு அடியில் நின்று நாங்கள் எடுத்த படத்தில் நான் சிரிக்கிறேன், மச்சான் பக்கவாட்டில் எதையோ பார்க்கிறார். அந்தப் பக்கம் இன்னொரு கடையின் பலகை இருந்தது.

ஜெனீவா வேறு மாதிரி ஊர். ஏரிக்கரை முழுக்க அரபிக் குடும்பங்கள். கறுப்பு அபாயா, தள்ளுவண்டியில் பிள்ளைகள், கையில் ஐஸ்க்ரீம். எந்த வெள்ளைத் தாடியைப் பார்த்தாலும் அர்பாப்தானோ என்று மச்சான் நின்று பார்ப்பார். அவர் இல்லை என்று உறுதியானதும் அடுத்த பயம் வரும். ஊர்க்காரர் யாராவது இருந்துவிட்டால்? தலையில் முக்காடு போட்ட பெண்ணும் புருஷனும் சுருட்டுக் கடைக்குள் நுழைகிற படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஏறினால்? அவருடைய வாப்பா பீடிக்காரன் பக்கத்தில்கூட உட்கார மாட்டார்.

"நீ வெளியில நில்லு. நான் மட்டும் போறேன்."

"போய் என்ன கேப்பீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "வா" என்றார்.

கடைக்குள் தனியாக ஒரு கண்ணாடி அறை, அதற்குள் குளிர்ச்சியும் ஈரமும் கலந்த காற்று, மரத்தட்டுகளில் வரிசை வரிசையாகச் சுருட்டு. வீடியோவில் பார்த்ததெல்லாம் கண்ணுக்கு முன்னால்! கடைக்கார அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். நான் படித்ததையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிடிக்கப்போகிறவர் எப்படிப்பட்டவர்? சாப்பிட்ட பிறகு நிதானமாக உட்கார்ந்து பிடிப்பவரா, நடந்துகொண்டே பிடிப்பவரா, காட்டமாக வேண்டுமா, லேசாக வேண்டுமா?

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் சுருட்டைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மனிதரிடம் வேலை பார்க்கிறார். அவருடைய கையெழுத்து தெரியும், கார் வந்து நிற்கிற சத்தம் தெரியும், எந்த இருமலுக்கு எழுந்து நிற்கவேண்டும் என்று தெரியும். அவர் சுருட்டுப் பிடித்து மச்சான் பார்த்ததே இல்லையாம். அதை அங்கே வைத்துத்தான் என்னிடம் சொல்கிறார், தமிழில், சிரித்த முகத்தோடு, அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடக்கூடாது என்று.

"சாப்பாட்டுக்குப் பிறகு" என்று நானே சொல்லிவிட்டேன். "நிதானமாக. மிதமான காட்டம்." எங்கள் வாழ்க்கையை முடிவுசெய்கிற ஒரு மனிதருக்கு நானே ஒரு பழக்கத்தைத் தைத்துப் போட்டேன். விலையைக் கேட்டதும் மச்சான் பர்ஸை எடுத்து நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். அன்று போகவேண்டிய மலை ரயில் அத்தோடு ரத்து.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எங்களுடைய மூன்றாவது ஆள். ஈரம் காக்கிற பொட்டலத்தோடு இரண்டு பைகளுக்குள் போட்டு மூடினேன். ஹோட்டல் சோப்பையெல்லாம் எடுத்துக் குளியலறைக்குள் அடைத்தேன். நாங்கள் கொண்டுபோயிருந்த எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப்பொடியும் மூன்று உறைக்குள் போயின. மச்சானின் தலைவலித் தைலத்தைக்கூடப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அவர் தலைவலியோடு வந்தார். விமானத்தில் பெட்டி என் மடியில் இருந்தது. பணிப்பெண் மேலே வைக்கச் சொன்னதற்கு, குளிருகிறது என்று போர்வை கேட்டு அதற்குள் மறைத்துக்கொண்டேன். துபாய் சுங்கத்தில் ஒரு பெட்டிக்கு அனுமதி உண்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன். அங்கே யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அர்பாபின் வீட்டுக்குப் போய்க் கொடுப்பதாக ஏற்பாடு. ஜுபைலுக்கு யார் என்று அந்த வாரம் சொல்லிவிடுவார்கள். பெட்டியை அலமாரியில் துணியெல்லாம் எடுத்துவிட்டுத் தனியாக வைத்தேன். காலையில் மச்சானின் சட்டையை அயர்ன் கடையிலிருந்து வாங்கிவரக் கீழே இறங்கினேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், வீடு முழுக்கப் புகை மூட்டம். நல்ல ஊது, அதாவது அகில்கட்டை வாசனை. பெருநாள் காலை மாதிரி இருந்தது.

மச்சான் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முன்னால் பக்கூர் தட்டு, சாம்பிராணி மாதிரி புகை போடுகிற அந்த மரத்தூளைத் தணலில் தூவியிருந்தார். சுருட்டுப் பெட்டியை மூடி திறந்து, குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்குப் புகை காட்டுகிற மாதிரி, புகைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார்.

என் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது.

"என்ன செய்றீங்க?"

"அரபி வீட்டுக்குப் போற சாமான் மணக்காம எப்படிக் கொண்டுபோறது? உள்ள வரைக்கும் ஏறட்டும்னு மூடியைத் திறந்து வச்சேன்."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே அரபி வீட்டுக்குப் புதுத்துணி, பரிசுப்பொருள், கல்யாண அழைப்பு எதுவாக இருந்தாலும் புகை காட்டியோ அத்தர் தொட்டோதான் போகும். எங்கள் ஊரிலும் சந்தனமும் அத்தரும் இல்லாமல் சபையில் ஒன்றும் நகராது. அவர் இருப்பதிலேயே விலை உயர்ந்த பக்கூரை எடுத்திருந்தார். என் சீதனத்தில் வந்தது.

"வாசனை ஏறக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன் மச்சான்."

"நீ சோப்பு, ஊறுகாய், தைலம்னுதான் சொன்ன. இது ஊது. ராஜாவுக்கும் கொடுக்கலாம்."

ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். மரம், தோல், மண் என்று ஜெனீவாவில் என்னென்னவோ மணந்தது. இப்போது பள்ளிவாசல் வாசல் மாதிரி மணந்தது. அதைச் சொன்னதும் மச்சானின் முகம் மெல்ல மெல்ல மாறியது. பெட்டியைப் பால்கனிக்கு எடுத்துப்போய் ஆட்டினார். வெளியே அந்த வெயிலும் புழுதியும். உள்ளே கொண்டுவாருங்கள், காய்ந்துவிடும் என்று நான் கத்தினேன். காயட்டும் என்று அவர் கத்தினார். பக்கத்து வீட்டு மலையாளி அம்மா எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன். "ஜுபைல் வேணாம்னு நீங்க சொன்னப்ப அவர் என்ன சொன்னார்? அதை வச்சுப் பார்ப்போம். அவ்வளவு மோசமா இருக்காது."

அவர் பக்கூர் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

"மச்சான்?"

"நான் எங்க சொன்னேன்."

யாரிடமும் சொல்லவில்லையாம். அர்பாபிடம் இல்லை, மேனேஜரிடம் இல்லை. கல்யாணமானவன் என்று அவருக்குத் தெரியாதா, மனைவி விசாவில் கையெழுத்துப் போட்டவரே அவர்தானே, தனியாக வேறு சொல்லவேண்டுமா என்றார். சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதர் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தைத்தான் நான் ஜெனீவாவிலிருந்து போர்வைக்குள் வைத்துத் தூக்கிவந்திருக்கிறேன்.

"சுருட்டு பேசாது மச்சான். நீங்க பேசுங்க."

"அவர்கிட்ட நின்னு அப்படியெல்லாம் பேசி எனக்குப் பழக்கம் இல்ல புள்ள."

"எனக்கும்தான் மாடியில உட்கார்ந்து பழக்கம் இல்ல."

சட்டையைத் தரையிலிருந்து எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் அந்தப் பெட்டியையே எடுத்துக்கொண்டு போனார்.

அவர் திரும்பும்வரை நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாத்திரம் கழுவினேன். கழுவியதையே கழுவினேன். மோப்பம் பிடித்து, முகம் சுளித்து, பெட்டியைத் தள்ளிவைக்கிற ஒரு பெரிய மூக்கு மட்டும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்தும் அந்த ஊது வாசனை போகவில்லை.

மத்தியானத் தொழுகை முடிந்து வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

அர்பாப் பெட்டியைத் திறக்கவே இல்லையாம். கொண்டுவந்தவன் முன்னால் பரிசைப் பிரிப்பது இவர்களுக்கு மரியாதை இல்லை. ஷுக்ரன், நன்றி என்று வாங்கி, பக்கத்து மேஜையில் வேறு எதெதுவோ பெட்டிகள் இருந்த இடத்தில் வைத்துவிட்டார். அரபிக் காப்பி காவா வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. யூரோப் எப்படி, குளிரா என்று கேட்டார். குளிர் என்றார் மச்சான். அத்தோடு பேச்சு முடிந்தது. வேறு இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். சுருட்டு தன் வேலையை முடித்துவிட்டு மேஜையில் சும்மா கிடந்தது. எழுந்திருக்கவேண்டிய நேரம். எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாராம். அங்கிருந்து திரும்பி வந்து, அந்த இரண்டு பேர் முன்னாலேயே, இந்தியும் அரபியும் கலந்து சொல்லிவிட்டார். தன் மனைவி இங்கே இருக்கிறாள், தனியாக விட்டுவிட்டு ஜுபைலுக்குப் போக மனம் இல்லை, முடிந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று.

"அவர் என்ன சொன்னார்?"

"ஏன் முன்னாலேயே சொல்லலன்னு கேட்டார். அலவன்ஸ் கூட வருதேன்னு நான் சந்தோஷப்படுவேன்னு நினைச்சு என் பேரைத்தான் முதல்ல கொடுத்தாராம். பேப்பர் ரியாத்துக்குப் போயிடுச்சு, கலாஸ், முடிஞ்சது, இப்போ நிறுத்த முடியாது. போய் ஸ்டோரை ஒழுங்குபண்ணி வை, அங்கயே ஒரு ஆள் தர்றேன், அவனுக்கு வேலை கத்துக்கொடு, அவன் தேறினதும் நீ வந்துடுன்னார்."

"தேறினதும்னா எப்போ?"

"தேறினதும்."

நான் சண்டை போடவில்லை. அன்று சாயந்தரமே சவுதிக்கு டூரிஸ்ட் விசா எப்படி எடுப்பது என்று படிக்க ஆரம்பித்தேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு டிக்கெட் போடவா என்று அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதை எழுதும்போது அவர் ஜுபைலில் இருக்கிறார், நான் அல் குசைஸில் இருக்கிறேன். ஃப்ளாட் வாடகை புதுப்பிக்கவேண்டிய நாள் நெருங்குகிறது. தினமும் டூட்டி முடிந்து கூப்பிடுவார். நான் எடுத்ததும் கேட்பது ஒன்றுதான், அந்த ஆள் வந்துவிட்டாரா என்று. நேற்று வந்துவிட்டாராம். ரியாத்தில் பத்தா கடைத்தெருப் பக்கம் போன் கடையில் இருந்த பையன், தஞ்சாவூர்க்காரன், நல்ல பிள்ளை.

"நல்லதுதானே. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கேட் வால்வை எடுத்துட்டு வாடான்னா, வாசக் கதவு கிட்டப் போய்த் தேடுறான் புள்ள."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வால்வுகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் மச்சான், அவனுக்குப் புரிகிற மாதிரி நான் எழுதித் தருகிறேன் என்றேன். இன்று காலையிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.