நான் மறைத்த தெரு

எங்கள் காலனியில் தொலைபேசி மருத்துவ ஆலோசனைக்கு யாரும் அழைப்பதில்லை. ஊர்த்தெருக்காரர்கள் சாதாரணக் காய்ச்சலுக்கே அழைப்பார்கள். "அட்ரஸ் கேப்பாங்கமா. காலனின்னா பேச்சே மாறிடும்" என்பார் பக்கத்து வீட்டு ராணி அக்கா. குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான், "போன்ல யாருக்கா அதெல்லாம் பாக்குறாங்க?" என்று சிரிப்பேன்.

ஒரு மதியம் சாப்பிடும்போது அம்மாவுக்கு வாய் கோணியது. வலது கை தொங்கியது. உடனே அந்த ஆலோசனை எண்ணுக்கு அழைத்தேன். விவரம் கேட்ட பெண், "பக்கவாதமா இருக்கலாம், ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன். எந்தத் தெரு மேடம்?" என்றார். அந்த 'மேடம்' போய்விடுமோ என்று பயந்து, "பெருமாள் கோயில் தெரு" என்றேன். வண்டி வந்ததும் வழி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஓட்டுநர் அழைத்தார். "கோயில் தெருவுல நிக்கிறோம்மா. அப்படி யாரும் இல்லன்றாங்க."

காலனி என்றேன்.

"மொதல்லயே சொல்லக் கூடாதா? ஏரிய சுத்திக்கினு வரணுமே."

அரை மணி நேரம் போனது. காஞ்சிபுரம் மருத்துவமனையில் அம்மா பிழைத்துக்கொண்டார். கை மட்டும் இன்னும் எழவில்லை. "இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

ராணி அக்காவின் பயம்தான் எனக்கும் இருந்தது. அவர் அதை வெளியே சொன்னார், நான் சொல்லவில்லை.

இப்போது காலனியில் யாருக்கு முடியாவிட்டாலும் நான்தான் அழைக்கிறேன். பெயருக்கு முன்பே காலனி என்று சொல்லிவிடுகிறேன். சில நேரம் எதிர்முனையில் குரல் மாறத்தான் செய்கிறது. வண்டி நேராக வருகிறது.