பால்பட்ட பூ

எனக்கு அம்மா இல்லை. அதனால் தலைப்பிரசவம் ஆனதும் தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நல்லம்பள்ளிப் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டுக்குத்தான் வந்தேன். வெறுங்கையோடு வந்தேன். மகன் இரண்டு நாள்தான் மூச்சு விட்டான். எங்கள் மல்லித் தோட்டத்து ஓரத்தில், வேப்பமரத்தடியில் அவனைப் புதைத்தார்கள். என்னைப் போகவிடவில்லை, பச்சை உடம்புக்காரி அங்கெல்லாம் போகக்கூடாதாம்.

மறுநாள் பால் சுரந்தது. பிள்ளை இல்லை என்று மார்புக்கு யார் சொல்வது? கனத்து வலித்தது, ஜாக்கெட் நனைந்தது, பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் தானாக வடிந்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பந்தி முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு வந்து நிற்கும் விருந்தாளியை என்ன சொல்லி அனுப்புவது?

பீய்ச்ச வேண்டாம், பொறுக்க முடியாதபோது மட்டும் கொஞ்சம் எடுத்துவிடு என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அத்தை அதற்கு மறுத்து ஒன்றும் பேசவில்லை. அவர் பாட்டுக்கு, விடியலில் பறித்து மார்க்கெட்டுக்குப் போகவிருந்த கூடையிலிருந்து இரண்டு கை மொட்டு அள்ளி வந்து, என் மார்பில் பரப்பி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார். மல்லி வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பூ யாரும் வைக்கவில்லை.

அத்தை அழுது நான் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் கட்டை அவிழ்த்து, பால் ஊறி வதங்கிப்போன பூவைக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு வெளியே போய்விடுவார். குப்பைக்குழிக்குத்தான் என்று நினைத்தேன். பிள்ளை என்னிடம் விட்டுப்போனது அந்தப் பால் ஒன்றுதான். அதையும் வற்றவைத்துக் குப்பையில் கொட்டுகிற மனுஷியை எனக்குப் பிடிக்கவே இல்லை. குளிக்கப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு, பால் நின்றுவிடக் கூடாதென்று பீய்ச்சிவிடுவேன். அத்தையோடு பேச்சையும் நிறுத்திவிட்டேன்.

ஒரு சாயங்காலம் இண்டூரிலிருந்து அத்தையின் அண்ணி வந்தார். பிள்ளை பிறந்ததை ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்ன என் கணவர், அடுத்ததைச் சொல்லப் போனைத் தொடவே இல்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த எனக்கு வாசல் பேச்சு கேட்டது.

"வூடே மல்லி மணக்குது. தொட்டில் போட்டாச்சா? எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே."

"புள்ள தங்கலீங்க அண்ணி," என்றார் அத்தை. "இவளுக்குப் பால் கட்டிக்கிச்சு. அதுக்குத்தான் பூவு."

அண்ணி திண்ணையில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு வந்தவர் மெதுவாகக் கேட்டார்: "கிண்ணத்த எடுத்துக்கிட்டு எங்க கெளம்பிட்ட?"

"பால்பட்ட பூவுங்க. கண்ட எடத்துல கொட்ட மனசு வரல. தெனமும் அவன்கிட்டத்தான் கொண்டுபோயி வெக்கறேன். அவுங்கம்மா பாலு, அவனுக்குத்தானுங்களே சேரணும்."

சொல்லி முடிப்பதற்குள் அத்தையின் குரல் உடைந்துவிட்டது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து வாய்விட்டு அழுதேன். அழ அழப் பால் வடிந்தது.

அன்றோடு பீய்ச்சுவதை விட்டேன். பால் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் அத்தை கட்டை அவிழ்த்தபோது பூ நனையாமல் வாடியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கி நானும் வர்றேங்க அத்தை," என்றேன்.

பச்சை உடம்பு என்று அவர் தடுக்கவில்லை. என் செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டார். ஈரமில்லாத பூவைத்தான் அவனுக்குக் கொண்டுபோனோம்.