டெக்னோ யாருடைய இசை?

பெர்லினில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வந்த புதிதில் துணி காயப்போடக் கொடி கட்டலாம் என்று இரண்டு அடி அடித்தேன். பக்கத்து வீட்டு அம்மையார் வந்து, "இன்று ஞாயிறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதே ஞாயிறு மதியம், இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம் 'தும் தும்' என்று அதிர்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் தட்டிக் கேட்கவில்லை. உள்ளே இருப்பது நடன விடுதி, அந்த இசையின் பெயர் டெக்னோ என்று ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் சொன்னாள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. எங்கள் சர்ச்சில் அம்மாதான் ஆர்கன் வாசிப்பாள். பன்னிரண்டு வயதில் எனக்கு டிரம்ஸ் அடிக்க ஆசை. பாடகர் குழுவை நடத்திய அண்ணாச்சி, "பொம்பளப் பிள்ளைக்கு அது என்னத்துக்கு? பாடுனா போதும்" என்றார். அம்மாவும் தலையாட்டினாள். பத்து வருடம் பாடினேன், கால் பெருவிரலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே.

அந்தத் 'தும் தும்' என்னை ஒரு இசைத்தட்டுக் கடைக்கு இழுத்துப்போனதில் ஆச்சரியமில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "யோகா இசை பின்னால் இருக்கிறது" என்றார்.

"டெக்னோ வேண்டும்."

"பரிசு கொடுக்கவா?"

"எனக்கு."

உடனே பரீட்சை தொடங்கிவிட்டது. இவரைத் தெரியுமா, அந்த ஆல்பம் தெரியுமா என்று பெயர்களாக அடுக்கினார். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வருடம், லீவு கிடைத்த சனிக்கிழமையெல்லாம் போனேன்.

அதனால், புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் பெயர்ப்பட்டியல் தரப்போவதில்லை. பெயர் தெரிந்தவனுக்குத்தான் இசை சொந்தம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் தொடங்குங்கள். கார்த் தொழிற்சாலைகள் மூடிய ஊரில், கறுப்பின இளைஞர்கள் மலிவான இசை மெஷின்களை வைத்து உண்டாக்கிய முதல் ஆல்பங்கள் அவை. இரும்புத் தாளத்துக்கு மேலே வயலின் மாதிரி ஒரு ஏக்கம் மிதக்கும். பிறகு, பெர்லின் சுவர் இடிந்தபின் இந்த ஊரின் பாழடைந்த நிலவறைகளில் பிறந்தவை. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல எதிரொலிக்கும். அப்புறம் இங்கிலாந்தில் வந்தவை. ஆடுவதற்கல்ல, நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதற்கு. ஒரே அடியும் ஒரே 'டிக்'கும் மட்டும் பத்து நிமிடம் ஓடும் தட்டுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்டால் ஓடிவிடுவீர்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம், வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு தட்டை ஒலிக்கவிட்டுப் பேசும் கூட்டம் கடையில் நடந்தது. "நீங்கள் கேட்டால் போதும்" என்றார் கடைக்காரர். அண்ணாச்சியின் குரலேதான். இன்னொருவர், "இது பெர்லினின் ஆன்மா, வெளியாட்களுக்குப் புரிவது கஷ்டம்" என்றார். நான் எழுந்துபோய் டெட்ராய்ட் தட்டு ஒன்றைச் சுழலவிட்டேன். "அங்கேயிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்து நானும் எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை" என்றேன். என் ஜெர்மன் இலக்கணம் வழியில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. ஆனால் தட்டை யாரும் நிறுத்தவும் இல்லை. அடுத்த வாரம் கடைக்காரர் பரீட்சை வைக்காமல், "இன்று என்ன கேட்கிறீர்கள்?" என்றார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவோடு பஸ்ஸில் போனேன். "அந்த ஊர்ல அப்படி என்னத்தட்டி கேக்க?" என்றாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். பஸ் வீரவநல்லூரைத் தாண்டியது.

"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்ட்டி?"

"ஆரம்பிச்சு ஏழு நிமிசம் ஆச்சும்மா."

"எவனோ மண்டைக்குள்ள உலக்கைய வச்சு இடிக்குதான்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். "உனக்குப் பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கும்மா. விடமாட்டேன்."

அவள் கல்யாண வீட்டாரின் கதையைத் தொடங்கினாள். நான் வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன். பஸ் தாமிரபரணிப் பாலத்தில் ஏறியபோது அந்தக் காதில் டெட்ராய்ட் ஓடியது. இடது காதில் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். இரண்டில் எதையும் நான் குறைக்கவில்லை.