முட்டுக் கொடுத்த சுவர்

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மழைநீர்க் கால்வாய் இருந்தது. தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து அரித்து வந்த மணல் அதில் பாதி உயரத்துக்குப் படிந்திருந்தது. கோடைதோறும் தூர்வாரச் சொல்லி மனு கொடுப்போம். அதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்று பதில் வரும். மழையில் வீடு இடிந்தால் கொடுப்பதற்கு நிதி இருந்தது. அது வேறு கணக்கு, வேறு அலுவலகம். நான் வேலை பார்த்த நாளிதழுக்கு இதை இரண்டு முறை எழுதி அனுப்பினேன். இரண்டு முறையும் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் கால்வாய் நிரம்பி, தண்ணீர் மூன்று நாள் மண்சுவர்களின் அடியில் நின்றது. எதிர்வீட்டுக்காரர் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுப்பது அவர் வேலை. வீட்டின் பின்சுவர் வெடித்துச் சாய்வதைப் பார்த்ததும், கீழே செய்வதையே மேலேயும் செய்தார். இரண்டு யூகலிப்டஸ் கட்டைகளை அணை கொடுத்து நிறுத்தி, ஆப்பு வைத்துச் சம்மட்டியால் இறுக்கினார். தெருவில் நான்கு வீடுகளின் சுவர்கள் விழுந்தன. அவருடையது நின்றது.

மறுநாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் படிவங்களோடு வந்தார். எதிர்வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

“சுவர் விழலியேம்மா. விழுந்தாத்தான் எழுத முடியும்.”

“கட்டைய எடுத்தா வுழுந்துடும் சார்,” என்றார் அந்த வீட்டம்மா.

“எடுக்கலியே.”

அடுத்த தெருவை முடித்துவிட்டு இந்த வழியாகத்தான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கினீங்களா? உருவுங்க கட்டைய. எப்படியும் அத்த இடிச்சித்தான் கட்டணும். காசு யாரு குடுப்பாங்க, உங்க மேஸ்திரியா?”

அவர் ஆப்பைப் பக்கவாட்டில் அடித்தார். அசையவில்லை. சுவர் சாயச் சாய அது இறுகியிருந்தது.

“இன்னாத்துக்கு இவ்ளோ டைட்டா அடிச்சீங்க?”

“ஆளு இருக்கற எடத்துல வேற எப்படி அடிப்பாங்க?”

என்னிடம் கடப்பாரை கேட்டு வந்தார். கொடுத்தேன். அதை வைத்து நெம்பிக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் திரும்பி வந்துவிட்டார். கட்டைகளைப் பார்த்தார், கடப்பாரையையும் பார்த்தார். சேதமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

நானும் விழுந்த நான்கு வீடுகளைப் பற்றித்தான் செய்தி அனுப்பினேன். முதல் பக்கத்தில், படத்துடன் வந்தது. எதிர்வீட்டுக்காரர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கடன் வாங்கிச் சுவரைக் கட்டினார்.

அடுத்த கோடையிலும் கால்வாயைத் தூர்வாரவில்லை. மழை வந்தது. தண்ணீர் வடிவதற்குள் தெருக்கோடி வீட்டுக்காரர் எதிர்வீட்டுக்காரரைத் தேடி ஓடிவந்தார்.

“அண்ணே, எங்க சுவரு வெடிச்சிருக்கு. கட்டை எடுத்துனு சீக்கிரம் வாங்க.”

“இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டாரா?”

“இன்னும் இல்லண்ணே.”

அவர் சம்மட்டி இருந்த மூலையைப் பார்த்தார். எடுக்கவில்லை.

“ஊட்ல கீறவங்கள மட்டும் வெளிய கூட்டினு வந்துடுங்க,” என்றார்.